மூச்சுப் பிடிப்பு: முதுகுவலிக்குக் குற்றவாளி தேடிய கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு வார்த்தையில இருந்து தொடங்குது: மூச்சுப் பிடிப்பு.

கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போதோ, வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடும்போதோ, முதுகில் விலா எலும்புக்குக் கீழே சட்டென்று ஏதோ பிடிக்கும். அப்புறம் குனிய முடியாது, திரும்ப முடியாது, ஆழமா மூச்சு இழுக்கவும் முடியாது. வீட்டுல பெரியவங்க பார்த்த உடனே, "மூச்சுப் பிடிச்சுக்கிச்சு"ன்னு சொல்லிடுவாங்க. வலிக்கிற இடம் முதுகு, ஆனா பேர் மட்டும் மூச்சோட பேர். ஏன் அப்படின்னு நாம யாரும் பெருசா கேட்டது கிடையாது.

மருத்துவ உலகம் முதுகுவலிக்கு ஒரு குற்றவாளியைத் தேடின கதைதான் இந்த எபிசோட். எலும்பு, எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற வட்டு, தசைன்னு ஒவ்வொன்னா கூண்டுல ஏத்தியிருக்காங்க. இப்போ புதுசா ஏறி நிக்கிறது உதரவிதானம், அதாவது டயாஃப்ரம். விலாவுக்கு அடியில விரலை விட்டு "டயாஃப்ரம் ரிலீஸ்" பண்ணினா இடுப்பு வலி போயிடும்னு ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. அதுல எவ்வளவு உண்மை, அந்தக் கை எங்கிருந்து வந்தது, அந்தக் கையால முடியாதது எதுன்னு பார்ப்போம்.

முதல்ல ஊர். நான் ஓசூர் பக்கத்து ஆள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் ஒரே தெருவுல கேட்கிற ஊர். நாம சுளுக்குன்னு சொல்றதை கன்னடத்துல உளுக்கும்பாங்க, தெலுங்குல பெணுக்கும்பாங்க. 1970களில் இங்கே சிப்காட் வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அசோக் லேலண்ட், அப்புறம் டைட்டன்னு அந்தப் பத்து வருஷத்துல ஊரோட உடம்பே மாறிப்போச்சு. அதுவரைக்கும் கேழ்வரகு வயலில் குனிந்து களை எடுத்த குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறை அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நின்றது. அதற்கடுத்த தலைமுறை, அதாவது என்னை மாதிரி ஆட்கள், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிறோம். குனிஞ்ச முதுகு, நின்ன முதுகு, உட்கார்ந்த முதுகு, மூணையும் எங்க பக்கத்துல ஒரே வீட்டுல பார்க்கலாம். மூணும் வலிக்குது.

வலிச்சா எங்கே போறாங்க? புத்தூர் கட்டு போர்டு இருக்கிற வைத்தியசாலைக்குப் போறாங்க. எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுக்கிறவரிடம் போறாங்க. பிசியோதெரபி கிளினிக்குக்குப் போறாங்க. எதுவும் வேண்டாம்னா மெடிக்கல் ஷாப்பில் தொங்குற இடுப்பு பெல்ட்டை வாங்கி மாட்டிக்கிறாங்க. இந்த நாலும் ஒரே வரலாற்றோட நாலு கிளைகள்.

அந்த வரலாற்றில் கைதான் பழசு. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில், நோயாளியைப் பலகையில் குப்புறப் படுக்க வைத்து, உடம்பை இரண்டு பக்கமும் இழுத்து, முதுகைக் கையாலும் காலாலும் அழுத்துகிற முறை விளக்கப்பட்டிருக்கிறது. நம்ம சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. பட்டியலைக் கவனிச்சுப் பாருங்க. அதுல கையைத் தவிர வேற உடல் உறுப்போட பேர் ஒன்னுகூட இல்லை. ஒன்பதும் கை செய்யற வேலையோட பேர்.

இதோடு நம்பிக்கையும் கலந்திருந்தது. தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்து பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்ம ஊர்ப் பக்கம் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. இது தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய நம்பிக்கைன்னு நினைச்சீங்கன்னா, 1881இல் வால்டர் கிரெகர் என்பவர் வடகிழக்கு ஸ்காட்லாந்தின் நாட்டார் வழக்குகளைத் தொகுத்த புத்தகத்தைப் பார்க்கணும். கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் தேய்த்தாலோ மிதித்தாலோ இடுப்பு வலியும் சுளுக்கும் குணமாகும் என்று அங்கேயும் அப்படியே நம்பியிருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் எட்டாயிரம் கிலோமீட்டர். எனக்குத் தோன்றுவது இதுதான்: பெரும்பாலான பிடிப்பு சில நாளில் தானாகவே விடும். அந்தச் சில நாளில் யார் மிதித்தாலும் பேர் அவருக்குத்தான்.

ஆனா எல்லாத்தையும் மூடநம்பிக்கைன்னு தள்ளிட முடியாது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் நம்ம புத்தூர் கட்டுக்காரர்கள் மாதிரி எலும்பு ஒட்டுகிற நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். படித்த டாக்டர்கள் அவர்களை ஏளனம் செய்தார்கள். 1867இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட், இந்த வைத்தியர்கள் எந்தெந்த நோயாளிகளைக் குணப்படுத்துகிறார்கள் என்று தன் மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினார். அவர்களிடம் கெட்டதும் இருக்கிறது, நாம் கற்க வேண்டிய நல்லதும் இருக்கிறது என்பது அவர் கருத்து. 1871இல் வார்ட்டன் ஹூட் என்ற டாக்டர், அப்படிப்பட்ட ஒரு வைத்தியரிடம் நேரடியாகக் கற்றுக்கொண்ட முறைகளை லான்செட் இதழில் எழுதினார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் கை வைத்தியம் ஒரு தத்துவமாக மாறியது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் ஆஸ்டியோபதியை அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் அதற்குக் கல்லூரி தொடங்கினார். இன்றைய டயாஃப்ரம் ரிலீஸின் குடும்ப வரலாறு இங்கிருந்துதான் வருகிறது. ஸ்டில்லும் அவருடைய வழிவந்தவர்களும் உதரவிதானத்துக்குப் பெரிய இடம் கொடுத்தார்கள். 1895இல் டேனியல் டேவிட் பால்மர் கைரோபிராக்டிக்கைத் தொடங்கினார். முதுகெலும்புக் கணு இடம் மாறுவதுதான் பெரும்பாலான நோய்க்குக் காரணம் என்றார். முதல் குற்றவாளி கிடைச்சாச்சு: எலும்பு. இடம் மாறிடுச்சு, நான் தட்டிச் சேர்க்கிறேன்.

இன்னைக்கும் கழுத்தைத் திருப்பி "டக்"குன்னு சத்தம் வர வைக்கிற வீடியோக்களோட மூலக்கதை இதுதான். அந்தச் சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்புற சத்தம் கிடையாது. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல வாயுக் குமிழி உண்டாகிறதோட சம்பந்தப்பட்டது. நம்ம விரலில் சொடக்கு எடுக்கிற அதே சங்கதி.

கைக்கு மரியாதை வேணும்னா காகிதம் வேணும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. 1894இல் லண்டனில், மசாஜ் என்ற பெயரில் நடக்கும் முறைகேடுகள் பற்றி மருத்துவ இதழ்களில் பெரிய கூச்சல் எழுந்தது. தங்கள் தொழிலின் பேரைக் காப்பாற்ற நான்கு பெண்கள், செவிலியர்கள், ஒரு சங்கம் தொடங்கினார்கள். தேர்வு, சான்றிதழ், நடத்தை விதி எல்லாம் வைத்தார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நம்ம பக்கமும் காகிதம்தான் கேள்வியாச்சு. ஓசூர் அப்போ சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1914இல் வந்த சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலைநாட்டு மருத்துவம் படித்தவர்களுக்குத்தான் பதிவேட்டில் இடம் தந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். நாட்டு வைத்தியர்கள் மாகாணம் முழுவதிலுமிருந்து அந்தக் குழுவுக்குத் தங்கள் முறைகளை எழுதி அனுப்பினார்கள். அதன் விளைவாக 1920களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் பாடமாயின. ஏட்டில் எழுதி வைத்திருந்த மருத்துவம் பள்ளிக்கூடத்துக்குள் போனது. எதையும் எழுதி வைக்காமல், அப்பாவின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட சுளுக்கு வைத்தியர் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டார். இன்னைக்கு நம்ம தெருவுல அவர் போர்டு இல்லாமலே தொழில் செய்யறதுக்குப் பின்னாடி இந்த வரலாறு இருக்கு.

இப்போ இரண்டாவது குற்றவாளி. 1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலி வருகிறது என்று காட்டினார்கள். உண்மையான, பெரிய கண்டுபிடிப்பு. ஆனா அதுக்கப்புறம் எந்த முதுகுவலியைப் பார்த்தாலும் "டிஸ்க்"னு சொல்ற காலம் வந்தது. எம்ஆர்ஐ வந்ததும் வட்டைப் படமாகவே பார்க்க முடிந்தது. 1994இல் ஒரு ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வட்டாவது பிதுங்கியிருந்தது. வலி ஒன்றும் இல்லை! ஸ்கேன் ரிப்போர்ட்டில் "பல்ஜ்" என்ற வார்த்தையைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை நினைவு வைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் உதரவிதானம் எங்கே போனது? அது நுரையீரல் பிரிவுக்குப் போய்விட்டது. இந்தியாவில் பிசியோதெரபியை வளர்த்த பெரிய காரணங்களில் ஒன்று போலியோ. நமக்குப் பக்கத்தில் வேலூர் சிஎம்சியில், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. இப்படிப்பட்ட இடங்களில் மூச்சுப் பயிற்சியும் உண்டு, முதுகுப் பயிற்சியும் உண்டு. ஆனால் பாடப்புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு அத்தியாயங்கள். டயாஃப்ரம் என்றால் மூச்சு. முதுகு என்றால் எலும்பும் வட்டும்.

உடற்கூறு மட்டும் எப்பவும் வேற கதை சொல்லிக்கிட்டு இருந்தது. உதரவிதானம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை மாதிரி கவிழ்ந்திருக்கிற தசை. குடைக்கு இரண்டு காம்பு உண்டு. வலது காம்பு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் மூன்று கணுக்களில் ஒட்டியிருக்கிறது, இடது காம்பு முதல் இரண்டில். நாம் மூச்சு விடுகிற தசை நம் இடுப்புப் பகுதி முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. காலைத் தூக்க உதவுகிற சோயாஸ் தசையும் அதே பகுதியில் தொடங்கி, உதரவிதானத்தின் ஒரு வளைவுக்கு அடியிலேயே கீழே இறங்குகிறது. கடைசி விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை போகிற இன்னொரு தசைக்கும் பக்கத்திலேயே ஒரு வளைவு. மூச்சும் இடுப்பும் ஒரே சுவரில் அடிச்ச ஆணிகள்.

1997இல் பால் ஹாட்ஜஸ் குழு ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்தது. கையைச் சட்டென்று உயர்த்தச் சொன்னார்கள். கைத் தசை அசைவதற்கு முன்பே உதரவிதானம் சுருங்கியது. மூச்சை இழுக்கும்போது உயர்த்தினாலும் சரி, விடும்போது உயர்த்தினாலும் சரி. உடம்பு ஆடாமல் நிற்க, வயிற்றுக்குள் அழுத்தம் ஏற்றித் தருகிறது அது. காற்று நிறைஞ்ச டயர் வண்டியைத் தாங்குற மாதிரி. 2001இல் அடுத்த சோதனை. மூச்சு வாங்க வைத்துவிட்டுக் கையை அசைக்கச் சொன்னபோது, ஒரு நிமிடம் போல ஆனதும் உதரவிதானம் உடம்பைத் தாங்குகிற வேலையைக் குறைத்துக்கொண்டது.

நம்ம பாஷையில சொல்லணும்னா, ஒரே சர்வர்ல ரெண்டு சர்வீஸ் ஓடுது. லோடு ஏறினா எதை முதல்ல குறைக்கும்? உயிர் இருக்கணும்ல, அதனால மூச்சைக் குறைக்காது. முதுகைத் தாங்குறதைத்தான் குறைக்கும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கிட்டே மூட்டையை இறக்குறவரோட முதுகை யோசிச்சுப் பாருங்க. 2006இல் 38,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியப் பெண்களின் தகவல்களை ஆராய்ந்தபோது, முதுகுவலியோடு உடல் பருமனைவிட மூச்சுக் கோளாறுகள் நெருக்கமாகச் சேர்ந்து வந்தன. நம்ம பாட்டிங்க வச்ச பேருக்கு ஒரு நியாயம் கிடைச்சிருக்கு.

சரி, அப்போ டயாஃப்ரம் ரிலீஸ்? சிகிச்சையில் என்ன செய்வார்கள் என்றால், முழங்காலை மடக்கி மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். விலா எலும்பின் கீழ் விளிம்பில் விரல்களை வைப்பார்கள். மூச்சை விடும்போது விரல் மெல்ல உள்ளே போகும், இழுக்கும்போது விலாவை லேசாகத் தூக்கிப் பிடிக்கும். சில சுற்று. 2018இல் வெளியான ஒரு ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி உள்ள 66 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் ஆஸ்டியோபதி சிகிச்சை. ஒரு குழுவுக்கு மட்டும் உண்மையான உதரவிதான முறைகள், மற்றதற்குச் சும்மா கை வைப்பது. உண்மையான முறை கிடைத்த குழுவுக்கு வலி அதிகம் குறைந்தது. நல்ல செய்தி. ஆனா 66 பேர். ஒரு ஃபீச்சரை 66 பேர்கிட்ட டெஸ்ட் பண்ணிட்டு உலகத்துக்கே ரிலீஸ் பண்ண மாட்டோம் இல்லையா?

இன்னொரு விஷயம். அந்த விரல் உதரவிதானத்தின் காம்பைத் தொடவே முடியாது. நடுவில் கல்லீரல், இரைப்பை எல்லாம் இருக்கு. காம்புகளுக்கு நடுவில் மகாதமனி ஓடுது. கை தொடுவது தோலையும் விலாவையும் வயிற்றுச் சுவரையும்தான். அப்போ ஏன் நிம்மதியா இருக்கு? விலா நன்றாக அசைவது, மூச்சு மெதுவாவது, பயம் தணிவது, நரம்பு மண்டலம் எச்சரிக்கையைக் குறைப்பது, இதெல்லாம் சேர்ந்திருக்கலாம். "இறுகிப்போன தசையை நான் அவிழ்த்துவிட்டேன்" என்பது பால்மர் எலும்பைத் தட்டிச் சேர்த்த அதே கதை. உறுப்பு மட்டும்தான் மாறியிருக்கு.

இங்கேதான் எனக்கு முக்கியமான கேள்வி வருது. இந்த எல்லாக் குற்றவாளிகளும் உடம்புக்குள்ளேயே ஏன் இருக்காங்க? 1700இல் இத்தாலியின் மொடெனா நகரில் பெர்னார்டினோ ராமஸினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹிப்போகிரட்டஸ் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, நீ என்ன வேலை செய்கிறாய் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். தொடர்ந்து நிற்பவர்கள், தொடர்ந்து உட்காருபவர்கள், சுமை தூக்குபவர்கள் எல்லாருடைய வலியையும் தனித்தனியாக எழுதினார். 300 வருஷம் ஆச்சு. சிறப்பு மருத்துவர், ஸ்கேன், பெல்ட் எல்லாம் வந்துடுச்சு, அந்தக் கேள்வி மட்டும் காணாமப் போச்சு.

1991இல் அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலையின் 3,020 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. யாருக்கு முதுகுவலி வரும் என்று கணிக்க உடல் பரிசோதனைகள் அதிகம் உதவவில்லை. தன் வேலையைக் கிட்டத்தட்ட ஒருபோதும் ரசிக்காதவர்கள், முதுகுக் காயம் என்று சொல்லி வருவது 2.5 மடங்கு அதிகமாக இருந்தது. இதை வச்சு "எல்லாம் மனசுலதான்"னு ஒரு சூப்பர்வைசர் சொல்லிட முடியும். நான் இதைப் படிக்கிற விதம் வேற. லைன் வேகம், நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வு எடுக்கிற உரிமை, மேலதிகாரி பேசுற விதம், இதெல்லாமும் முதுகுல ஏறுற சுமைதான்.

நம்ம 1948 தொழிற்சாலைகள் சட்டம், காயம் ஏற்படுத்தும் அளவு கனமான சுமையைத் தூக்க வைக்கக் கூடாது என்று 34ஆம் பிரிவில் சொன்னது. அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களுக்கு ஒரு பட்டியலும் போட்டது. ஈய நஞ்சு இருந்துச்சு, சிலிகோசிஸ் இருந்துச்சு, இரைச்சலால் காது கேட்காமல் போவதும் இருந்துச்சு. இடுப்பு வலி இல்லை. பட்டியலில் இல்லாத வலி, தொழிலாளியின் சொந்த வலி ஆயிடுது. சுளுக்கு எடுக்கிற காசும் அவர் பாக்கெட்டிலிருந்து, லீவு போட்ட நாளும் அவர் கணக்கில்.

2020இல் உலகத்தில் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கு. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதல்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. வலியைப் பற்றிய புரிதல், உடற்பயிற்சி, மனநல ஆதரவு, இவற்றோடு மசாஜுக்கும் முதுகைக் கையால் இயக்கும் சிகிச்சைக்கும் இடம் கொடுத்தது. ஓபியாய்டு வலி மாத்திரை, இழுவை சிகிச்சை, இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. ஆமா, மெடிக்கல் ஷாப் வாசல்ல தொங்குற அதே பெல்ட். கைக்கு இடம் கிடைச்சிருக்கு, ஆனா பல வழிகளில் ஒன்னா மட்டும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கண்டிப்பான விஷயம். மூச்சுப் பிடிப்பு, வாயுப் பிடிப்பு என்ற பெயர்கள் சில நேரம் ஆளைக் கொல்லும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் எண்ணெய் தேய்க்காதீங்க, உடனே 108. காய்ச்சலோடு மூச்சு இழுக்கும்போது வலி என்றால் டாக்டர் நெஞ்சைப் பார்க்க வேண்டும். முதுகுவலியோடு கால் பலம் குறைவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. கீழே விழுந்த பிறகு வந்த வலியைப் படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் திருப்பவோ மிதிக்கவோ விடாதீங்க.

இது எதுவும் இல்லாத சாதாரணப் பிடிப்பா? படுத்தே கிடக்காதீங்க, முடிஞ்ச அளவு நடங்க. உப்பு ஒத்தடம் இதமா இருந்தா கொடுங்க. வயிறு ஏறி இறங்க மெதுவா மூச்சு விடுங்க. அந்த டயாஃப்ரத்தை உள்ளேயிருந்து அசைக்கிறதுக்கு யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். நல்ல பிசியோ கிடைச்சா போங்க. அவர் உங்க வலியைக் கேட்கிறதோட நிறுத்தாம, நீங்க எந்த ஷிஃப்ட், எவ்வளவு நேரம் நிக்கிறீங்க, என்ன தூக்குறீங்கன்னு கேட்கிறாரான்னு பாருங்க. கேட்டா, ராமஸினியோட கேள்வி ஓசூர் வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். கேட்கலைன்னா நீங்களா சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.